பேரின்பநாதன் நிறுத்திய இறக்கை

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி பேரின்பநாதனின் மனைவி புனிதம் கேட்டார். இரண்டு பக்கம் போதாது என்று எழுதத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. எதையும் வரிசைப்படுத்தாமல் என்னால் சொல்ல முடியாது. ஆகவே சொல்லப்போவதை முதலில் எண்ணிட்டு வைக்கிறேன்.

1. செய்தி வந்த விதமும், உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில் நடந்ததும்.
2. பேரின்பநாதன் சோதனையை நிறுத்திய நாள்.
3. அதற்காக அவருக்குச் செய்யப்பட்டவை, செய்தவரின் பெயருடன்.
4. அவர் கேட்ட சத்தம் உண்மையானது என்பதற்கு, ஒரு வருடத்தின் பின் இறக்கையில் கண்ட வெடிப்பே சாட்சி.
5. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது.

மூன்றாவதை எழுதுவதா விடுவதா என்று நான்கு நாள் யோசித்தேன். இறந்தவரின் மலரில் உயிரோடிருப்பவரைக் குறை சொல்வது முறையல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு விடயம் என்னைத் துணிய வைத்தது. எங்கள் ஆட்கள் எந்தப் புத்தகத்தையும் எறிவார்கள், கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் இந்த நினைவு மலரை எறிய மாட்டார்கள். முன்பக்கத்தில் இறந்தவரின் படமும் தேவாரமும் இருக்கும். அதை நீல நிற மீள்சுழற்சிப் பெட்டியில் போட யாருக்குக் கை வரும்? அது சாமியறை அலுமாரியின் மேல்தட்டில் வருடக்கணக்கில் கிடக்கும். நான் யாருக்காக இதை எழுதுகிறேனோ அவருடைய வீட்டிலும் கிடக்கட்டும்.

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. அந்தக் கிழமைக்கான மாத்திரைகளை ஏழறைப் பெட்டியில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வியாழன் வரை வந்திருந்தேன். தொலைபேசியில் பேரின்பநாதனின் மகள் அபிராமி. “அங்கிள், அப்பா... அப்பா பாஸ்ட் எவே” என்றாள். பிறகு, நான் கேட்காமலே, நடந்ததைச் சொன்னாள். பிக்கரிங்கில் பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் இருந்திருக்கிறார். பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எழும்பவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் அவர் நித்திரை என்று நினைத்து முழங்கையால் மெல்லத் தட்டியிருக்கிறார். நான் மாத்திரைப் பெட்டியை மூடிவிட்டேன். அன்றைய மாத்திரையை எடுத்தேனா இல்லையா என்று இன்றுவரை தெரியாது.

அவரை அறியாதவர்களுக்குச் சிறு விளக்கம். விமான நிலையத்துக்கு அண்மையில், புதிய பயணிகள் விமானமொன்றுக்கு இறக்கை செய்து கொடுத்த கம்பனியில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். அவர் சோதனை மண்டபத்தில் தொழில்நுட்பவியலாளர். நான் அதே மண்டபத்தில் பதிவேடுகளைப் பார்த்தவன். ஒருநாளும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்ததில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் எழுதி வைப்பதால் என்னை ‘மாஸ்ரர்’ என்றார்கள். எனக்கு நெடுஞ்சாலையில் கார் ஓட்டப் பயம். பேரின்பநாதன் பிக்கரிங்கிலிருந்து வரும் வழியில் மோர்னிங்சைட்டில் என்னை ஏற்றிக்கொண்டு நானூற்றொன்றாம் இலக்க நெடுஞ்சாலையில் மேற்கே போவார். பதினொரு வருடம் அவருடைய காரின் இடப்பக்கக் கண்ணாடியைக் கண்டதில்லை. வலப்பக்கக் கண்ணாடியில் தெரிந்த ஊர் எனக்கு மனப்பாடம்.

இனி அஞ்சலி மண்டபத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பார்வைக்கு வைத்திருந்த அன்று மாலை நூறு பேருக்குக் குறையாது. தேவாரம் பாடி முடிந்ததும் எங்கள் பழைய மேற்பார்வையாளர் தயாளன் ஒலிவாங்கியைப் பிடித்தார். இப்போது ஒரு பழைய மாணவர் சங்கத்தின் தலைவர். நல்ல குரல். பேரின்பநாதனின் தலைமாட்டில் நின்றுகொண்டு அவர் சொன்னதை அன்றிரவே எழுதி வைத்தேன்.

“எங்கட பேரின்பம் அண்ணையை நாங்கள் வேலையில பல்லி எண்டுதான் கூப்பிடுவம். செல்லமாத்தான். பல்லி சொன்னால் நாங்கள் நிண்டு போறமெல்லே, அதுமாதிரி அண்ணை ஒருக்காச் சொன்னார், ஒரு பிளேனே ஏழு கிழமை நிண்டது. தேடின இடமெல்லாம் ஒண்டும் இல்லை. ஆனா மனம் தங்கம்.”

மண்டபம் சிரித்தது. துக்க வீட்டில் சிரிக்க ஒரு காரணம் கிடைத்தால் எல்லோருக்கும் ஆறுதல்தான். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அபிராமியும் மரியாதைக்குச் சிரித்தாள். புனிதம் மட்டும் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வேற ஆரும் ரெண்டு வசனம் பேச விருப்பமோ?” என்று கேட்டார்கள். என் சட்டைப்பையில் எழுதிய தாள் இருந்தது. பாதி எழும்பினேன். தயாளன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கோட்டின் பின்பக்கத்தைச் சரிசெய்ய எழும்பியவன் போலச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்று பேசாததை இன்று எழுதுகிறேன். இது பழி தீர்ப்பதுதான். வேறு நல்ல பெயர் வைக்க நான் விரும்பவில்லை.

இனி இரண்டாவது. ஒரு விமானம் முதல் பயணியை ஏற்றுவதற்கு முன்னரே அதன் இறக்கை ஒரு மண்டபத்துக்குள் பல ஆயிரம் தடவை பறந்திருக்க வேண்டும். இறக்கையை ‘ரிக்’ என்று நாங்கள் சொல்லும் இரும்புச் சட்டகத்தில் பொருத்தி, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஜாக்கிகளால் தள்ளியும் இழுத்தும் வளைப்பார்கள். புறப்படுவது, காற்றில் குலுங்குவது, இறங்குவது எல்லாம் சேர்ந்து ஒரு பறப்பு. எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் விமானமும் நிற்கும். அந்த விமானமோ ஏற்கெனவே இரண்டு தடவை பிந்தியிருந்தது. ஒரு தடவை மென்பொருளால், மற்றத் தடவை எங்கோ ஒரு நாட்டிலிருந்து வரவேண்டிய பாகத்தால். இனிப் பிந்தினால் வாங்குவோர் விலகுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் மண்டபத்தில் எல்லோரும் எண்ணிக்கைப் பலகையைப் பார்த்துத்தான் நடந்தோம். சட்டகத்தை வடிவமைத்தவர் தயாளன். அது அவருடைய பிள்ளை மாதிரி. அதைச் சுற்றி நடக்கும்போது கையால் தட்டிக்கொடுப்பார்.

பேரின்பநாதன் இளவயதில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரங்களோடு நின்றவர். கண்ணை விடக் காதை நம்பினார். மதியச் சாப்பாடு முடிந்து வந்து, இறக்கையின் நுனிப்பக்கம் நின்றிருந்தார். நான் முப்பது அடி தள்ளி என் மேசையில். பம்பிகளின் இரைச்சலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் தலையைச் சரித்தார். அடுத்த பறப்பு வரும்வரை காத்திருந்தார். பிறகு நடந்து போய், ஓடவில்லை, சிவப்புப் பொத்தானை அழுத்தினார். இரைச்சல் அடங்க, மண்டபத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

தயாளன் மேல்மாடிப் படியில் இறங்கி வந்தார். “ஏன் அண்ணை நிப்பாட்டினீங்கள்?”

“உள்ளுக்க ஏதோ விட்டுக்குடுத்த சத்தம். ரெண்டு தரம் கேட்டன்.”

“கம்பியூட்டர் ஒண்டும் காட்டேல்லையே.”

“அதுக்குக் காது இல்லை, தம்பி.”

அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். தயாளன் சிரிக்கவில்லை. மேலாளர்கள் வந்தபோது யார் நிறுத்தியது என்று கேட்டார்கள். பேரின்பநாதன் கையை உயர்த்தினார், வகுப்பில் உயர்த்துவது போல. காரில் திரும்பும்போது பயமாக இல்லையா என்று கேட்டேன். “நிப்பாட்டினால் ஆரும் சாகிறேல்லை மாஸ்ரர். சந்தேகம் வந்தால் முதல் நிப்பாட்டு, பிறகு யோசி” என்றார்.

இறக்கையைக் கழற்றாமல் ஒவ்வொரு விரலகலமாகத் தேடினார்கள். ஒலி அலையால் பார்த்தார்கள், மின்சுருளால் பார்த்தார்கள், சிறு கமராக்களை உள்ளே விட்டார்கள். ஏழு கிழமை. ஒன்றும் இல்லை.

மூன்றாவது. செய்யப்பட்டவை.

முதலில் பெயர். பல்லி என்ற பெயரைத் தயாளன் ஒரு கூட்டத்தில் தமிழில் சொன்னார், பிறகு வெள்ளைக்காரருக்கு விளங்கப்படுத்தினார். எங்கள் வீடுகளில் ஒரு பிராணி சுவரிலிருந்து சத்தம் போடும், அதைக் கேட்டு மக்கள் பயணத்தை நிறுத்துவார்கள் என்று. அவர்கள் நன்றாக ரசித்தார்கள். ஒரு வாரத்தில் பேரின்பநாதனின் கருவிப் பெட்டியில் ஒரு றப்பர் பல்லி ஒட்டப்பட்டிருந்தது. அதை வாங்கி வந்தவர் யார் என்று எனக்குத் தெரியும். அவர் இறந்துவிட்டார், விடுகிறேன். வாங்கச் சொன்னவர் இருக்கிறார். நான் கழற்றப் போனேன். பேரின்பநாதன் தடுத்தார். “இருக்கட்டும். பல்லி இருக்கிற வீட்டில பூச்சி இல்லை.” ஓய்வு பெறும் நாள்வரை அது அங்கேயே இருந்தது. வால் மட்டும் விழுந்துவிட்டது.

அடுத்தது இடமாற்றம். அவரைச் சோதனை மண்டபத்திலிருந்து எடுத்துப் பாகங்கள் கொடுக்கும் ஸ்ரோருக்கு அனுப்பினார்கள். ‘கூடுதல் எச்சரிக்கை மனப்பான்மை’ என்று காரணம் எழுதியிருந்தது. அந்த வசனம் தயாளனுடையது. தட்டச்சு செய்து கோப்பிலிட்டது நான், ஆகவே தெரியும். விமானத்தின் இறக்கையைச் சோதிக்கும் ஒருவருக்கு எச்சரிக்கை கூடிப்போனது குற்றமாம். மனிதர் ஏறிப் பறக்கும் பொருளைச் செய்பவர்கள் இப்படி ஒரு வசனத்தை எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். தயாளன், நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால், அந்த வசனத்தை உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

ஆறு வருடம் ஒரு கம்பி வலைக்குப் பின்னால் இருந்தார். அந்த ஆறு வருடத்தில் அவர் எடுத்த பழி ஒன்றுதான், அதை நினைக்கும்போது எனக்கு இன்னும் இனிக்கிறது. தயாளன் எதற்கு வந்தாலும், ஒரு சிறு வளையத்துக்கு வந்தாலும், படிவத்தை முழுதாக நிரப்பச் செய்வார். “காரணத்தை வடிவா எழுதுங்கோ தம்பி. தேய்மானம் எண்டு ஒரு சொல்லில முடிக்காதையுங்கோ. என்னத்தால தேஞ்சது எண்டு எழுதுங்கோ.” பின்னால் வரிசை நீளும். தயாளனின் காது சிவக்கும். பேரின்பநாதன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு எழுத்தாக வாசிப்பார்.

எங்கள் தமிழ் ஆட்களில் ஒருவரும் அவருக்காக வாய் திறக்கவில்லை. தயாளன்தான் எங்களில் பலரை உள்ளே எடுத்துவிட்டவர். பல்லி என்ற சொல்லை அவருக்கு எதிரில் பாவிக்காதவன் நான் ஒருவன். அதையே பெரிய விடயமாக நினைத்திருந்தேன்.

ஓய்வு பெற்ற பின், மருமகள் ஒருத்தியைப் பார்க்க அவரும் புனிதமும் விமானத்தில் கல்கரிக்குப் போனார்கள். ஏறிய பிறகுதான் அது எங்கள் விமானம் என்று கண்டாராம். இறக்கைக்கு நேரே ஆசனம். ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது மனிதர் காதைச் சுவரில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். புனிதம் சொல்லிச் சிரித்தார்: “பக்கத்தில இருந்த வெள்ளைக்காரி எழும்பி வேற சீற்றுக்குப் போட்டாள், அண்ணை. இவர் மேல போனாப்பிறகு என்ரை கையைப் பிடிச்சு, ‘நல்லாச் செய்திருக்கிறாங்கள்’ எண்டார்.” அவரைத் துரத்தியவர்களுக்கு அவர் கொடுத்த சான்றிதழ் அது. நான் கொடுத்திருக்க மாட்டேன்.

நான்காவது. சோதனையை நிறுத்தி ஒரு வருடத்தின் பின், வழமையான பரிசோதனை ஒன்றில் அதே இறக்கையில் வெடிப்புக் கண்டார்கள். மயிரிழை அளவு. ஆனால் வெடிப்பு வெடிப்புத்தான். ஒரு பாகத்தைத் திரும்ப வடிவமைத்தார்கள்; விமானம் மீண்டும் பிந்தியது. அந்த நாள் யாரும் ஸ்ரோருக்குப் போய்ப் பேரின்பநாதனிடம் ஒரு சொல் சொல்லவில்லை. நான் சொன்னேன். “உங்கட காது சரியாப் போச்சு” என்றேன். அவர் ஒரு பெட்டித் திருகாணியை எண்ணிக்கொண்டிருந்தார். “உது வேற, மாஸ்ரர்” என்றார். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வருடம் முன்பே அந்த இறக்கை தன் வலியை ஒருவருக்குச் சொன்னது, அவர் கேட்டார், கேட்டதற்காகத் தண்டிக்கப்பட்டார். தயாளன் ஒலிவாங்கியில் சொன்ன ‘தேடின இடமெல்லாம் ஒண்டும் இல்லை’ என்பதற்கு இதுவே பதில்.

ஐந்தாவது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதிகம் இல்லை. அபிராமி தந்த காது மூடி ஒன்று, இரைச்சலுக்குப் போடுவது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது, மற்றப் பக்கத்தை அவர் எப்போதும் விலக்கியே வைத்திருந்தார். சந்தேகம் வந்தால் முதல் நிறுத்து என்ற வசனம். அதை நான் ஒருநாளும் செய்து பார்த்ததில்லை.

இவ்வளவும் எழுதி முடித்து அபிராமிக்கு அனுப்பும் முன், நான்காவதற்குத் திகதி போடலாம் என்று என் பழைய குறிப்புப் புத்தகங்களை எடுத்தேன். வேலையில் எதில் கையெழுத்திட்டாலும் அன்று மாலையே எனக்கென்று ஒரு வரி எழுதிவைப்பேன். நாளைக்கு யாராவது கேட்டால் என்ற பயம்தான். வெடிப்பின் திகதி இருந்தது, இடமும் இருந்தது: இறக்கை உடலோடு சேரும் அடிப்பக்கம். பேரின்பநாதன் நின்று கேட்டதோ நுனிப்பக்கம். முற்றாக வேறு இடம்.

பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். சோதனை நின்ற இரண்டாம் நாளில் என் கையெழுத்தில் ஒரு வரி: ‘ஐந்தாம் ஜாக்கியை இறக்கையோடு இணைக்கும் போல்ட் மாற்றம். காரணம்: தேய்மானம். ஒப்பம் தயாளன். சரிபார்ப்பு நான்.’ ஐந்தாம் ஜாக்கி நுனிப்பக்கத்தில் இருப்பது.

அரை மணி நேரம் யோசித்துவிட்டுத் தயாளனுக்கு எடுத்தேன். நான் அவருக்குத் தொலைபேசி எடுத்தது அதுவே முதல் தடவை. வரியை வாசித்துக் காட்டினேன்.

“அது தேய்மானம் இல்லை மாஸ்ரர். போல்ட் வெடிச்சிருந்தது. ரிக்கில பிழை எண்டு சொன்னால் முழுக்கக் கழட்டச் சொல்லியிருப்பாங்கள். இறக்கையை ரெண்டு நாள் பாத்திட்டு விடுவாங்கள் எண்டு நினைச்சன். ஏழு கிழமை தேடுவாங்கள் எண்டு ஆர் கண்டது?”

“அவரைப் பல்லி எண்டு சொல்லேக்க உமக்கு இது தெரியும்.”

“ஓம். உங்களுக்கும் தெரியும் எண்டுதான் நினைச்சன். சைன் பண்ணினது நீங்களெல்லே.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அண்ணைக்கும் தெரியும். பழைய போல்ட்டைக் கழிவு வாளிக்குள்ள கண்டெடுத்துக்கொண்டு என்னட்டை வந்தவர். மேல சொல்லப்போறன் எண்டார். படிவத்தைக் காட்டினன். உங்கட பேரைக் கண்டிட்டு, போல்ட்டை என்ரை மேசையில வைச்சிட்டுப் போயிட்டார்.”

தயாளன் சொல்வதை நான் ஏன் நம்ப வேண்டும்? ஒரு அளவை ஒருமுறை மட்டும் எடுத்து நான் பதிந்ததில்லை. புனிதத்தைக் கேட்டேன், ஏதாவது போல்ட் பற்றி வீட்டில் சொன்னாரா என்று.

“ஓம் அண்ணை, ஒருக்காச் சொன்னவர்” என்றார் புனிதம். “நான்தான் பேசினன், ஏன் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறியள், போய்ச் சொல்லுங்கோ எண்டு. ‘மாஸ்ரருக்கு வேலை போனால் அந்தாள் வேற வேலை தேடப் போகாது, பயந்த மனுசன்’ எண்டார். அதுக்குப் பிறகு அந்தக் கதை எடுக்கேல்லை.”

அதன் பிறகும் ஆறு வருடம் காலையில் மோர்னிங்சைட்டில் காரை நிறுத்தி எனக்காகக் கதவைத் திறந்துவிட்டார். பாதி வழியில் ஒருநாளாவது சொல்லியிருக்கலாம்.

தயாளன் மீது எனக்குள்ள கோபம் ஓர் அணுவும் குறையவில்லை. மூன்றாவதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. செய்தவரின் பெயருடன் என்று எழுதியதில் இன்னொரு பெயரைச் சேர்க்க வேண்டும், அது இந்தக் கட்டுரையை எழுதியவனுடையது. நான்காவதைத் திருத்தி எழுதிக் கொடுத்தால் அபிராமிக்குத் தெரியவராது. ஆனால் எங்கள் தொழிலில் பிழையான பதிவை அழிக்கக்கூடாது, வெள்ளை மை பூசக்கூடாது. பிழை வாசிக்கத் தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி ஒப்பமிட வேண்டும். எழுதுகிறேன்.

நான்காவது குறிப்புப் பிழை. இறக்கையில் கண்ட வெடிப்பு அவருக்குச் சாட்சி இல்லை. அவருக்கு இருந்த ஒரே சாட்சி ஒரு தாள். அது என் மேசைக்கு வந்தது, நான் வாசிக்காமல் கையெழுத்திட்டேன்.